துப்பறியும் நாவலும் தமிழ் மாணவனும்

தமிழைச் சிறப்புப் பாடமாகக் கற்பவன் கையில் துப்பறியும் நாவலொன்றைக் காணின், களவுப் பொருளோடு அகப்பட்டவனைப்போல் அவனை நோக்கும் வழக்கம் நம்மிடை இன்னும் ஒழிந்தபாடில்லை. அது நேரிதன்றென்பது என் துணிபு.

விடுமுறையில் சித்தேரி மலைக்குச் சென்றால், பனி இறங்கியபின் கதவைத் தாளிட்டு ஒரு மர்ம நாவலைத் திறப்பதினும் பெரிய இன்பம் எனக்கு வேறில்லை. பாத்திரங்களின் பெயர்களைத் துண்டுக் காகிதத்திற் குறித்து, ஐயத்திற்குரியார்மேல் புள்ளியிட்டு வருவேன். பாதிக் கதையில் நூலை மூடி, குற்றவாளி இன்னாரெனத் தீர்ப்பெழுதி வைத்த பின்னரே மேற்செல்வேன். கடைசி ஏட்டை முதலிற் புரட்டுவோரை யான் வாசகராகவே கருதுவதில்லை. நூல்நிலையப் பிரதியின் ஓரத்தில் கொலைகாரன் பெயரைப் பென்சிலால் எழுதிவைக்கும் புண்ணியவான்களைப்பற்றி என் சொல்ல!

நிற்க. இவ்வகை நூல் தமிழில் நேற்று முளைத்ததன்று. பிரதாப முதலியார் சரித்திரம் வெளிவந்த 1879-க்குப்பின் பதினைந்தே ஆண்டுகளில், 1894-இல், பண்டித நடேச சாஸ்திரியார் தானவன் என்னும் போலீஸ் நிபுணனைப் படைத்தார். 1908-இல் ஜே. ஆர். ரங்கராஜுவின் ராஜாம்பாள் வந்தது. ஆரணி குப்புசாமி முதலியார் ரெயினால்ட்ஸைத் தழுவி எழுதிக் குவித்தார். வடுவூர் துரைசாமி ஐயங்காரின் திகம்பர சாமியாரோ, 1950-இல் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸார் வாயிலாகத் திரையிலும் தோன்றினார். தழுவலும், மிகையான அறிவுரையும், நம்பவியலாத தற்செயல்களும் இந்நூல்களில் உண்டு, மறுக்கவில்லை. ஆயினும் எழுத்துக்கூட்டிப் படித்தோர் பலரை இரவு முழுதும் விழித்துப் படிக்கச் செய்தவை இவையே.

இவை புலமைக்குப் பகையென்பார்க்கு ஒன்று கூறுவேன். ஷெர்லாக் ஹோம்ஸ் ஆங்கிலத்தில் முதன்முதல் அச்சேறியது 1887-இல். அதே ஆண்டிற்றான் சாமிநாதையரவர்களின் சீவக சிந்தாமணிப் பதிப்பும் வெளிவந்தது. சிதைந்த ஏடுகளை ஒப்புநோக்கி, விளங்காத சமண மரபுகளைக் கும்பகோணத்துச் சமணர்பாற் கேட்டறிந்து, மெய்ப்பாடம் எதுவென அவர் தேடியது துப்பறிதலன்றி வேறென்னை? ஒரு சொல்லையும் ஐயுறாது விடாமையே இரண்டிற்கும் வேண்டுவது.

அப்பழைய நாவல்களின் முதற்பதிப்புகள் தொட்டால் உதிரும் நிலையில் உள. நம் நூல்நிலையம் அவற்றிற்கு ஓர் அலமாரியேனும் ஒதுக்குதல் வேண்டும். பழைய மாணவர்காள், உங்கள் வீட்டுப் பரண்களையும் சற்றே துப்பறியுங்கள். அட்டை போயிருப்பினும் தாழ்வில்லை; கடைசி ஏடு மட்டும் இருத்தல் வேண்டும்.