குளம்பு போட்ட பாதை

மொங்கோலியப் புல்வெளியிலும் கிர்கிஸ்தானின் மலைச்சரிவுகளிலும் லடாக்கின் சாங்தாங் மேட்டுநிலத்திலும் ஒருவகைப் பயணம் விற்பனைக்கு இருக்கிறது. பருத்த ரயர் பூட்டிய மலைச்சைக்கிள், முன்னே ஒரு வழிகாட்டி, பின்னே மூட்டை முடிச்சுகளைச் சுமந்துவரும் வாகனம், இரவுக்கு மேய்ப்பர் கூடாரம். காசு கொடுப்பவர் அங்கே வாங்குவது இரண்டே பொருள்கள்: வேலியில்லாத வெளி, தாரில்லாத பாதை. இரண்டும் இயற்கை இனாமாகக் கொடுத்தவை போலத் தோன்றும். ஆனால் பாதை என்பது ஆடும் மாடும் குதிரையும் தலைமுறை தலைமுறையாக நடந்து போட்ட தடம். வெளி வேலியில்லாமல் கிடப்பதும், அதை ஒருவன் தனக்கென்று அடைத்துக்கொள்ளாதபடி மேய்ச்சல் முறை காத்து வந்ததால்தான். இப்படிப்பட்ட பயணத்துக்கு ஏற்ற நிலம் நமக்கும் உண்டு. வன்னியின் வற்றாப்பளையில் தொடங்கி, நந்திக்கடல் தரவைப் புல்வெளி ஓரமாகப் போய், ஒட்டுசுட்டான் பக்கத்துக் காடுகளுக்குள் குளத்துக்குக் குளம் ஓடும் தடங்களில் மலை இல்லை, மற்றதெல்லாம் இருக்கிறது. அந்தத் தடங்களைச் சைக்கிள்காரருக்குத் திறந்துவிடுவது நல்லதா என்று கேட்டால், ஒரு நிபந்தனையோடு நல்லது என்பேன். மேய்ச்சல் தரையை வர்த்தமானியில் ஏற்றிவிட்டுப் பாதையை விற்க வேண்டும். வரிசை மாறினால், மாடு போட்ட பாதையிலிருந்தே மாடு விரட்டப்படும்.

வன்னியில் நாடோடி மேய்ப்பர் எங்கே இருக்கிறார்கள் என்று முதலில் கேட்கலாம். மாடு வைத்திருப்பவருக்கு ஊரில் வீடும் கிணறும் உண்டு. கூடாரம் கட்டிக்கொண்டு அலைபவர் எவருமில்லை என்பது உண்மைதான். ஆனால் ஆள் ஊரில் இருக்க, பட்டி ஊர்கிறது. மாரி மழைக்குக் காலபோகம் விதைத்தவுடன் மாடுகள் வயல்வெளியை விட்டுக் காட்டோரத்துக்கும் தரவைக்கும் போக வேண்டும். அறுவெட்டு முடிந்தபின் அரிதாள் மேய வயலுக்குத் திரும்பும். கோடை முற்றினால் வற்றிவரும் குளத்தின் அலைகரைப் புல்லுக்கு இறங்கும். இடத்துக்கு இடம் மாடு அடைக்கும் காலை மாறும். அதோடு மாடு காக்கிறவரின் இராத் தங்கலும் மாறும். பருவத்தோடு நகரும் இந்த மேய்ச்சலைத்தான் இமயத்திலும் மத்திய ஆசியாவிலும் மேய்ப்பர் வாழ்வு என்கிறார்கள். தூரம் மட்டுமே வேறு. தமிழ்நாட்டில் இராமநாதபுரத்துக் கீதாரிகள் ஆட்டுக்கிடையோடு மாவட்டம் தாண்டிப் போகிறார்கள். நம்மவர் குளம் தாண்டிப் போகிறார்கள். வற்றாப்பளையின் தலக்கதையே இதற்குச் சாட்சி சொல்லும். நந்திக்கடல் ஓரம் மாடு மேய்த்துக்கொண்டிருந்த சிறுவர்கள் அங்கே வந்த மூதாட்டிக்குக் கொப்பு வெட்டிக் குடில் போட்டார்கள், கடல்நீரில் விளக்கேற்றினார்கள் என்பது கதை. வைகாசிப் பொங்கலில் உப்புநீர் விளக்கு இன்றும் எரிகிறது. சிலப்பதிகாரத்துக் கண்ணகிக்கு மதுரையில் அடைக்கலம் தந்தவள் மாதரி என்னும் இடைக்குலப் பெண். இந்தக் கரையில் தந்தவர்கள் மாட்டுக்காரப் பிள்ளைகள். கோயில் எழும்புமுன் அந்த இடம் மேய்ச்சல் தரையாக இருந்தது என்பதை ஊரின் நம்பிக்கையே ஒப்புக்கொள்கிறது.

மாட்டுத்தடம் ஏன் சைக்கிளுக்கு இவ்வளவு பொருந்துகிறது என்பதற்குக் காரணம் உண்டு. மாடு வீணாக ஏறி இறங்காது. சேறு சுற்றி வரும். நிழல் பார்த்து நடக்கும். கடைசியில் தண்ணீரில் போய் முடிக்கும். காட்டுப்பாதை வகுக்கும் பொறியியலாளர் பல நாள் அளந்து தேடும் கோடும் ஏறத்தாழ இதுதான். சைக்கிளும் வன்னிக்குப் புதிதல்ல. 1990களின் பொருளாதாரத் தடைக்காலத்தில் எரிபொருள் இல்லாத நிலத்தை நடத்தியது சைக்கிள்தான். நெல்மூட்டை, விறகு, மீன்பெட்டி, சிலவேளை நோயாளி எல்லாமே அதன் கரியரில் போயின. 2022இல் எரிபொருள் வரிசை நீண்டபோது நாடு முழுவதும் அதே பாடத்தை மறுபடி படித்தது. ஆகவே சைக்கிளைக் கண்டு இங்கே யாரும் மிரளப்போவதில்லை. ஆனால் இவ்வளவு காலமும் சுமை ஏற்றிய வண்டியில் இனி உல்லாசம் ஏறிவரும்போது பாதையின் மதிப்பு மாறும். மதிப்பு மாறினால் உரிமை யாருக்கு என்ற கேள்வி எழும்.

அந்தக் கேள்விக்கு நம் சட்டம் வைத்திருக்கும் பதில் மேய்ப்பருக்குச் சாதகமாக இல்லை. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க முடிக்குரிய காணிகள் கட்டளைச் சட்டம், காடாகவும் தரிசாகவும் பயிரிடப்படாமலும் கிடந்த நிலமெல்லாம், மாறாக நிரூபிக்கப்படும்வரை, அரசுக்குரியது என்றது. உழுதவன் தடயம் காட்டலாம். மேய்த்தவன் எதைக் காட்டுவான்? குளம்படி ஒரு மழைக்கு அழிந்துவிடும். சுதந்திரத்துக்குப் பிறகும் அந்தப் பார்வை பெரிதாக மாறவில்லை. 2015இல் சுண்டிக்குளம் தேசியப் பூங்காவானது. 2017இல் நந்திக்கடல் இயற்கை ஒதுக்கிடமாக அறிவிக்கப்பட்டது. அதே 2017இல், அயலூரான கேப்பாப்புலவில் மக்கள் தங்கள் சொந்த நிலத்தைக் கேட்டுப் படைமுகாம் வாசலில் அமர்ந்திருந்தார்கள். காட்டுக்கு ஒரு திணைக்களம், வனவிலங்குக்கு ஒரு திணைக்களம், பாதுகாப்புக்குப் படை, வயலுக்குக் கமநல சேவை என்று வன்னியின் ஒவ்வொரு துண்டுக்கும் கேட்க ஆள் உண்டு. ஒவ்வொரு போகத்துக்கும் நடக்கும் பயிர்ச்செய்கைக் கூட்டத்தைப் பாருங்கள். எத்தனையாம் திகதிக்குள் மாடுகளை வயலிலிருந்து அகற்ற வேண்டும் என்று அங்கே தீர்மானம் எடுக்கிறார்கள். அகற்றிய மாடு எங்கே போவது என்பது அந்தத் தீர்மானத்தில் வராது. மேய்ச்சல் தரை ஒதுக்கித் தாருங்கள் என்பது அதனால்தான் வடக்கில் ஆண்டுக்கணக்காகக் கேட்கும் குரல். கிழக்கில் அதே குரல் 2023 செப்டெம்பரில் சித்தாண்டி வீதியோரப் போராட்டமாக மாறியது. மயிலத்தமடு, மாதவனை மேய்ச்சல் நிலங்களுக்காக மட்டக்களப்புப் பண்ணையாளர்கள் அங்கே உட்கார்ந்தார்கள்.

உரிமை எழுதப்பட்ட நிலத்திலும் எழுதப்படாத நிலத்திலும் சுற்றுலா எப்படி நடந்துகொள்கிறது என்பதை உலகம் நமக்குச் செய்து காட்டியிருக்கிறது. கிர்கிஸ்தான் 2009இல் மேய்ச்சல் நிலச் சட்டம் ஒன்றைக் கொண்டுவந்து, நிலத்தை அரசின் உடைமையாகவே வைத்துக்கொண்டு, அதை நிர்வகிக்கும் பொறுப்பை ஊர்மட்ட மேய்ச்சல் சங்கங்களிடம் கொடுத்தது. ஜைலூ என்று அவர்கள் சொல்லும் கோடைப் புல்வெளிகளில் சைக்கிள்காரர்கள் இப்போது தாராளமாகத் திரிகிறார்கள். 2018 முதல் அந்த மலைகளூடாக நெடுந்தூரச் சைக்கிள் பந்தயமே நடக்கிறது. மேய்ப்பர் அங்கே வீட்டுக்காரர், வருகிறவர் விருந்தாளி. அந்தச் சட்டம் குறையில்லாதது என்று சொல்ல முடியாது. ஊருக்கு அண்மையான புல்வெளிகள் இன்னும் அளவுமீறி மேயப்படுகின்றன. ஆனாலும் குறையைப் பேச ஒரு சங்கமும், சங்கத்துக்கு ஒரு சட்டமும் இருக்கின்றன. எதிர்ப்பக்கத்தில் தான்சானியாவின் லொலியொண்டோ. மசாய் மக்கள் மாடு மேய்த்த நிலத்தில் 1,500 சதுர கிலோமீற்றரை வேட்டைச் சுற்றுலாவுக்கும் வனவிலங்குக்கும் என்று பிரித்து, 2022 ஜூனில் எல்லைக்கல் நட்டார்கள். எதிர்த்தவர்கள்மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. பலர் எல்லை தாண்டிக் கென்யாவுக்கு ஓடினார்கள். இரண்டு நாட்டிலும் வெளியூரார் வந்தார்கள், காசு வந்தது. மேய்ப்பரின் கதி வேறுபட்டதற்குச் சுற்றுலாவின் குணத்தைவிடக் காகிதத்தின் குணமே பெரிய காரணம்.

வேட்டைக் கம்பனியும் நாலு சைக்கிள்காரரும் ஒன்றா என்று மறுப்பு வரும். சைக்கிள் புகை விடாது, சத்தம் போடாது, துப்பாக்கி கொண்டுவராது. மொங்கோலியாவில் ஜீப்புகள் ஆளுக்கொரு தடம் போட்டுப் புல்வெளியைக் கீறியதுபோல் சைக்கிள் கீறாது என்பதும் சரிதான். சில்லைப் பற்றி எனக்கும் முறைப்பாடு இல்லை. சீட்டைப் பற்றித்தான் கவலை. பாதைக்கு ஒரு விலை வந்ததும் அதற்கு வாசல் வரும், வாசலில் ஒரு கூடு வரும், கூட்டுக்குள் அனுமதிச் சீட்டு விற்கும் அதிகாரி வருவார். சீட்டு வாங்கியவர் உள்ளே, மாடு வெளியே என்பது அதற்கு அடுத்த படி. கற்பனை என்று இதைத் தள்ள வேண்டாம். 2022 மார்ச்சில் சென்னை உயர்நீதிமன்றம் தமிழ்நாட்டுக் காடுகள் அனைத்திலும் கால்நடை மேய்ச்சலுக்குத் தடை விதித்தது. சில நாளில் அதைத் தேசியப் பூங்கா, சரணாலயம், புலிகள் காப்பகம் ஆகியவற்றோடு நிறுத்தியது. தேனிப் பக்கத்து மலைமாட்டுக்காரர்களுக்குப் பூட்டப்பட்ட அதே வகைக் காட்டில், முதுமலை போன்ற இடங்களில், சுற்றுலா வண்டி இன்றும் ஓடுகிறது. உரிமை எழுதப்படாதவன் அத்துமீறியவன் ஆவதும், கட்டணம் செலுத்தியவன் விருந்தினன் ஆவதும் இப்படித்தான்.

காட்டை மாடு அழிக்கிறது என்பது இதைவிடக் கனமான மறுப்பு. மரக்கன்று மிதிபடும், இளந்தளிர் போகும், வீட்டுமாட்டின் நோய் காட்டு விலங்குக்குத் தொற்றும். இவை பொய்யல்ல. ஒரு தரவை தாங்கக்கூடிய எண்ணிக்கைக்கு மேல் மாடு விட்டால் தரவை மொட்டையாகும். ஆனால் அளவு வைப்பதற்கு முதலில் இடம் வேண்டும். இன்ன தரை, இத்தனை மாடு, இன்ன மாதம் என்று எழுதினால்தானே மீறியவரைக் கேட்க முடியும்? எழுதாதபோது என்ன நடக்கிறது என்பதைப் பரந்தன் – முல்லைத்தீவு ஏ35 வீதியில் இரவில் போகிறவர்கள் பார்க்கலாம். போக்கிடமற்ற மாடு தாரில் படுக்கிறது, விபத்து நடக்கிறது, காலையில் பத்திரிகை கட்டாக்காலி என்று எழுதுகிறது. பகலில் அதே மாடு பயிருக்குள் இறங்கினால் கமக்காரனுக்கும் மாட்டுக்காரனுக்கும் பகை. இந்தியா 2006இல் இயற்றிய வன உரிமைச் சட்டம் நிலைத்த மேய்ச்சல், இடம்பெயரும் மேய்ச்சல் இரண்டையும் சமூக உரிமையாகப் பெயர் சொல்லி ஏற்றுக்கொள்கிறது. நடைமுறையில் எவ்வளவு பின்தங்கினாலும், மேய்ப்பன் நீதிமன்றப் படியேறும்போது கையில் பிடிக்க ஒரு வரி அதில் இருக்கிறது. மொங்கோலியா தன் 1992 அரசமைப்பில், நிலத்தைத் தனியாருக்குக் கொடுக்கலாம், மேய்ச்சல் நிலத்தைக் கொடுக்கக்கூடாது என்று எழுதிவைத்தது. 2026ஐ மேய்ச்சல் நிலங்களுக்கும் மேய்ப்பர்களுக்குமான ஆண்டாக ஐ.நா. அறிவிக்க முன்நின்ற நாடும் அதுதான். நம் நாட்டில் இப்படி ஒரு வரியை எழுதக் காட்டை விற்கத் தேவையில்லை, ஒதுக்கிடத்தைக் கலைக்கவும் தேவையில்லை.

மூன்றாவது மறுப்பு வயிற்றிலிருந்து வருவது. வர்த்தமானி வர எத்தனை வருடம் ஆகுமோ. அதுவரை வருகிற காசை ஏன் விடுவது? மாட்டுக்காரரையே வழிகாட்டியாக்கினால் அவருக்கும் கூலிதானே? கூலி கொடுக்கத்தான் வேண்டும், நன்றாகவே கொடுக்க வேண்டும். காட்டில் எந்த மடுவில் கோடையிலும் தண்ணீர் நிற்கும், யானை எந்தத் துறையில் இறங்கும் என்பது அவருக்குத்தான் தெரியும். கண்ணிவெடி அகற்றி முடிக்க நாட்டுக்கு 2028 வரை தவணை இருக்கும் நிலையில், தடம் விட்டு விலகக்கூடாது என்று அதட்டிச் சொல்ல ஆள் வேண்டும். ஆனால் வழிகாட்டிக் கூலியைப் பட்டிக்கு மாற்றாக நினைத்தால் கணக்குப் பிழைக்கும். 2019 ஏப்ரலில் குண்டு வெடித்தது, பயணிகள் நின்றார்கள். 2020இல் தொற்று வந்தது, விமான நிலையமே மூடியது. 2022இல் டொலர் இல்லை, பெற்றோல் இல்லை. மூன்று ஆண்டுக்குள் மூன்று முறை படுத்த தொழில் அது. அந்த நெருக்கடியிலேதான் பால்மாவுக்கு ஊரூராக வரிசை நின்றது. நாட்டுப்பசு கறக்கும் சில லீற்றர் பால், தீனிக்கு இறக்குமதியை நம்பாததால், அப்போதும் காலையில் கிடைத்தது. சைக்கிள் வருமானம் பட்டிக்குத் துணை வருமானமாக வரட்டும். பட்டி போய்விட்டால் வழிகாட்டி எதைக் காட்டுவார்? மாடில்லாத தடத்தில் இரண்டு மாரிக்குள் பற்றை மூடும். பயணிக்கு விற்ற பொருளும் அதோடு போகும்.

நல்லவேளையாக, இரண்டுக்கும் நாட்காட்டி ஒத்துப்போகிறது. காலபோக மாரியில் மாடு காட்டில் நிற்கும். அப்போது காட்டுப்பாதை சேறாகி எந்தச் சைக்கிளும் ஓடாது. அறுவெட்டுக்குப் பின் மாடு அரிதாளுக்கு வந்துவிடும். பாதை காய்ந்து கெட்டியாகிக் காலியாகக் கிடக்கும். குளக்கரைகளில் மாடும் யானையும் நீருக்கு இறங்கும் மாலை வேளையை மட்டும் விட்டுக்கொடுத்தால், ஒரே தடம் இரண்டு பேருக்கும் போதும். ஆகவே காத்திருக்கும் காலமும் நீளமாக இருக்கத் தேவையில்லை. சைக்கிள் பாதைக்கு எப்படியும் ஒரு வரைபடம் வேண்டும். எந்தத் தடம், எந்தக் குளம், எங்கே தங்கல் என்று கரைதுறைப்பற்றுப் பிரதேச செயலகமும் வனத் திணைக்களங்களும் கால்நடை வளர்ப்போர் சங்கங்களும் ஒரே மேசையில் உட்கார்ந்தால்தான் அது வரும். அதே நில அளவையாளரைக் கொண்டு, அதே பயணத்தில், தடத்தின் இரு பக்கமும் உள்ள தரவையையும் அலைகரையையும் அளக்கலாம். ஒரே தாளில் இரண்டு கோடுகள்: பாதைக்கு ஒன்று, மேய்ச்சலுக்கு ஒன்று. இரண்டாவது கோடு இல்லாத வரைபடத்தை எவர் கொண்டுவந்தாலும், வற்றாப்பளை அதில் ஒப்பமிடக்கூடாது.