‘யோசிக்காதை’ எண்டு சொல்லாதீங்கோ

அந்தியேட்டி முடிந்த கையோடு கம்பசுக்குத் திரும்பினேன். அப்பாவைப் பற்றிக் கதைக்க வாயெடுத்தாலே, “அதையே யோசிக்காதை, படிப்பைப் பார்” என்பார்கள். நானும் விரிவுரையில் இருந்து அந்த நினைவைத் தள்ளிக்கொண்டே இருந்தேன். பிறகு கொப்பியைத் திறந்தால் எழுத்து என்னுடையதுதான், ஒரு வரிகூட ஞாபகமில்லை.

வெள்ளைக் கரடியை நினைக்காதே என்றால் அதுதான் திரும்பத் திரும்ப வரும் என்று 1987இல் டானியல் வெக்னர் காட்டினார். 2001இல் அண்டர்சனும் கிறீனும் மறுபக்கத்தைக் காட்டினார்கள்: பல தடவை அடக்கினால் நினைவு மங்கவும் செய்யும். அப்ப நல்லதுதானே?

இல்லை. 2016இல் அண்டர்சனும் சகாக்களும் வெளியிட்ட ஆய்வின்படி, அடக்கும் நேரத்தில் மூளையின் ஹிப்போகம்பஸ் பகுதியின் இயக்கம் குறைகிறது. சற்று முன்னும் பின்னும் பார்த்த, சம்பந்தமே இல்லாத விடயங்களும் மறந்துபோகின்றன. ஆய்வுகூடப் பரிசோதனை என்ர துக்கத்தை அளக்கவில்லை என்பது தெரியும். ஆனாலும் என்ர வெறுங்கொப்பி எனக்கு விளங்கியது.

செத்தவீடு கண்ட சிநேகிதனிடம் “யோசிக்காதை” என்னாதீங்கோ. ஒரு பிளேன்ரீயோட இருந்து, “கொப்பா எப்பிடியான ஆள்?” எண்டு கேளுங்கோ. நோட்ஸ் பிறகு குடுக்கலாம்.