பச்சைக் குழந்தைக்கு வெயில் போதுமா?

"குழந்தையை லைட்டுல வெச்சிருக்காங்க" என்று யாராவது சொன்னால் போதும், எங்கள் பக்கம் சொந்தக்காரர்கள் முகமே மாறிவிடும். போன வருடம் ராசிபுரம் பக்கத்தில் என் அக்காவுக்குக் குழந்தை பிறந்தபோது எங்கள் வீட்டிலும் இதே கதைதான்.

மூன்றாம் நாள் குழந்தையின் முகம் மஞ்சளாகத் தெரிந்தது. "இளவெயில்ல காட்டுனா சரியாப் போயிடும் கண்ணு, இதுக்குப் போய் ஆஸ்பத்திரியா?" என்றார் ஆயா. பக்கத்து வீட்டிலிருந்து கழுதைப்பால் யோசனையும் வந்தது. இரண்டு நாள் வெயிலில் காட்டினோம். ஐந்தாம் நாள் குழந்தை பால் குடிக்காமல் தூங்கிக்கொண்டே இருந்தான். அப்புறம்தான் ஓடினோம்.

சரி, விஷயத்துக்கு வருவோம். பிறந்த குழந்தைக்கு ரத்தச் சிவப்பணுக்கள் வேகமாக உடையும். அதிலிருந்து வரும் பிலிரூபின் என்ற மஞ்சள் பொருளை வெளியேற்றும் அளவுக்குக் கல்லீரல் இன்னும் தயாராகியிருக்காது. நிறைமாதக் குழந்தைகளிலேயே சுமார் 60 சதவீதம் பேருக்கு முதல் வாரத்தில் மஞ்சள் தெரியும். பெரும்பாலும் தானாக வடிந்துவிடும். ஆனால் அளவு மிஞ்சினால் பிலிரூபின் மூளையில் படியும். காது கேளாமை, கை கால் இயக்கக் குறைபாடு என்று ஆயுளுக்கும் நிற்கும்.

ஆயா சொன்னது முழுப் பொய்யும் இல்லை. 1956-ல் இங்கிலாந்தின் ராச்ஃபோர்டு மருத்துவமனையில் ஜீன் வார்ட் என்ற செவிலியர், வெயில் பட்ட இடத்தில் குழந்தையின் மஞ்சள் குறைந்திருப்பதைக் கவனித்தார். அங்கிருந்த டாக்டர் கிரெமர் குழுவினர் 1958-ல் லான்செட் இதழில் விளக்கொளி சிகிச்சை பற்றி எழுதினார்கள். நீல ஒளி பிலிரூபினின் வடிவத்தை மாற்றி, மலத்திலும் சிறுநீரிலும் எளிதாக வெளியேற வைக்கிறது.

அப்போ வெயிலே போதாதா? போதாது. மருந்து என்றால் அதற்கு ஓர் அளவு வேண்டும். விளக்கின் கீழ் கண்ணை மூடிக் கட்டி, உடம்பெல்லாம் ஒளி படும்படி மணிக்கணக்கில் வைக்கிறார்கள். வாசலில் நாம் காட்டுவதோ பத்து நிமிடம். அதற்கு மேல் வைத்தால் நம் ஊர் சித்திரை வெயில் பிஞ்சுத் தோலைச் சுட்டுவிடும், மார்கழிக் காலையில் உடம்பு சில்லிட்டுவிடும்.

விளக்கிலும் தொல்லை உண்டு. மலம் இளகும், தோல் தடிக்கும், நீர்ச்சத்து குறையும். அதனால் இடையிடையே தாய்ப்பால் கொடுத்தே ஆக வேண்டும். சர்க்கரைத் தண்ணீர் அதற்கு ஈடாகாது. இன்னொன்று, விளக்கில் வைத்த பிறகு தோலின் மஞ்சள் முதலில் வெளுத்துவிடும். கண்ணை நம்பாமல் ரத்தத்தைத்தான் பார்க்க வேண்டும்.

என்னைக் கேட்டால் தப்பு ஆயா மேல் இல்லை, காத்திருந்த எங்கள் மேல்தான். பிறந்த 24 மணி நேரத்துக்குள் மஞ்சள் தெரிந்தாலோ, உள்ளங்கை, உள்ளங்கால் வரை பரவினாலோ, குழந்தை பால் குடிக்காவிட்டாலோ ஒரு நிமிடமும் தாமதிக்காதீர்கள். நம் குழந்தைகளின் மாநிறத்தில் மஞ்சள் சட்டென்று தெரியாது. பகல் வெளிச்சத்தில் நெற்றியை விரலால் லேசாக அழுத்திப் பாருங்கள். பணத்துக்காகவும் தயங்க வேண்டாம். 2011-ல் வந்த ஜனனி சிசு சுரக்ஷா திட்டத்தின்படி அரசு மருத்துவமனையில் பச்சிளம் குழந்தைக்குச் சிகிச்சை இலவசம்.

எங்கள் குட்டிப்பயல் இப்போது நன்றாக இருக்கிறான். தெருவில் யாருக்குக் குழந்தை பிறந்தாலும் ஆயா சொல்வது இதுதான்: "வெயில் இருக்கட்டும் கண்ணு, மொதல்ல ரத்தத்தைப் பாத்துட்டு வாங்க."