தவணை முடியல்ல, வொரன்டி முடிஞ்சிட்டு



கொஞ்சம் நீளமான பதிவு. வீட்டில் டீவி, ஃபோன், லெப்டொப், ஃப்ரிட்ஜ் என்று எதையாவது தவணைக்கு எடுத்தவர்கள் தயவுசெய்து கடைசி வரை வாசியுங்கள்.

சீகிரியா பக்கம் சஃபாரி ஜீப் ஓட்டும் நம்ம நானா ஒருவர், கெம்பஸுக்குப் போன மகளுக்கு லெப்டொப் ஒன்று எடுத்துக் கொடுத்தார். மாதம் 10,000 ரூபா, 24 தவணை. வொரன்டி 12 மாதம். 14ஆவது மாதம் ஒரு நாள் இரவு, பிள்ளை அசைன்மன்ட் செய்துகொண்டிருக்கும்போதே திரை இருண்டது. பிறகு அது எழும்பவே இல்லை. மதர்போட் போய்விட்டது, மாற்ற 95,000 ரூபா ஆகும் என்றார்கள். 140,000 ரூபா கட்டியாகிவிட்டது. வேலை செய்யாத சாமானுக்கு இன்னும் 100,000 ரூபா கட்ட வேண்டும். அதுவும் டூரிஸ்ட் குறைந்த மாதத்தில்.

அவர் கேட்டதால் நாங்கள் மூன்று ஆசிரியர்கள் கூடவே கடைக்குப் போனோம். கடையில் இருந்த தம்பி மரியாதையாகத்தான் கதைத்தார். "வொரன்டி முடிஞ்சி ரெண்டு மாசம் நானா. இனி எங்களுக்கு ஒண்டும் செய்ய ஏலா" என்றார். நானாவும் தலையை ஆட்டிவிட்டுத் திரும்பப் பார்த்தார். அந்தத் தலையாட்டலைப் பற்றித்தான் இந்தப் பதிவு. வொரன்டி முடிந்தால் நமது உரிமையும் முடிந்துவிட்டது என்று நாம் எல்லோருமே நம்பிக்கொண்டிருக்கிறோம்.

வொரன்டி என்பது கம்பனியோ கடையோ தானாகத் தரும் வாக்குறுதி. அதற்கு வெளியே சட்டம் விற்பவர் மீது சுமத்தும் கடமை ஒன்று இருக்கிறது. நமது நாட்டில் 1896ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கப் பொருட்கள் விற்பனைக் கட்டளைச் சட்டம் இன்றும் நடைமுறையில் உள்ளது. வியாபாரி விற்கும் சாமான் விற்பனைக்கேற்ற தரத்தில் இருக்க வேண்டும் என்பது, பேசாவிட்டாலும் எழுதாவிட்டாலும், விற்பனையோடு சேர்ந்தே வரும் நிபந்தனை என்கிறது அது. உள்ளே ஒளிந்திருந்த குறை பிறகு வெளியே வந்தால், வொரன்டி அட்டையில் உள்ள திகதி மட்டும் அந்தக் கேள்வியை மூடிவிடாது.

ஆனால் உண்மையையும் சொல்ல வேண்டும். குறை விற்கும்போதே இருந்தது என்று காட்ட வேண்டிய பாரம் நம்மீது விழுகிறது. அந்த நிபந்தனையை எழுத்து மூலம் விலக்கிவைக்கவும் இடம் இருக்கிறது. அதனால்தான் பில்லின் பின்பக்கச் சின்ன எழுத்தை வாசிக்கச் சொல்கிறோம்.

அடுத்தது 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம். நுகர்வோர் அதிகார சபை என்று செய்திகளில் வருவது இந்தச் சபைதான். வெளிப்படையாகத் தந்த வொரன்டிக்கும், சொல்லாமலே உள்ளடங்கிய வொரன்டிக்கும் பொருந்தாத சாமானைப் பற்றி அங்கே முறைப்பாடு செய்யலாம். விசாரித்து நட்டஈடு கொடுக்க, சாமானை மாற்றிக் கொடுக்க, காசைத் திருப்பிக் கொடுக்க உத்தரவிடும் அதிகாரம் சபைக்கு உண்டு. நல்ல சட்டம்தான். ஆனால் அதே 13ஆம் பிரிவில், விற்பனை நடந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறைப்பாடு செய்ய வேண்டும் என்றும் இருக்கிறது. ஒரு வருட வொரன்டியோடு விற்கும் சாமானுக்கு மூன்று மாதக் கெடு! ஐந்தாவது மாதம் பழுதாகி, கடைக்காரர் வொரன்டியை மதிக்காவிட்டால் என்ன செய்வது?

வெளிநாடுகளில் இதைக் கேட்டு மாற்றியிருக்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்பவரின் சட்டப் பொறுப்பு குறைந்தது இரண்டு வருடம். அதைச் சரியாகச் சொல்லாமல், காசு கொடுத்து மேலதிகப் பாதுகாப்பு வாங்கவைத்ததற்காக 2011 டிசம்பரில் இத்தாலி, அப்பிள் நிறுவனத்துக்கு 900,000 யூரோ அபராதம் போட்டது. இங்கிலாந்தில் குறையுள்ள சாமானுக்காக ஆறு வருடம் வரை வழக்குப் போடலாம். எல்லாச் சாமானும் ஆறு வருடம் ஓட வேண்டும் என்பதல்ல அதன் பொருள். அந்த விலைக்கு, அந்த வகைச் சாமான் நியாயமாக எவ்வளவு காலம் ஓட வேண்டும் என்று பார்ப்பார்கள். 240,000 ரூபா லெப்டொப் 14 மாதத்தில் சாவது நியாயமா என்ற கேள்வியை நமது நாட்டிலும் கேட்க வைக்க வேண்டும்.

நானாவின் கதைக்கு வருவோம். கதைத்துக்கொண்டிருக்கும்போதுதான் ஒரு விஷயம் வெளியே வந்தது. 10ஆவது மாதமே அந்த லெப்டொப் கடுமையாகச் சூடாகி அணைந்திருக்கிறது. கடைக்குக் கொண்டுபோனார். "அப்டேட் பண்ணிட்டம், இனி சரி" என்று இரண்டு நாளில் கொடுத்துவிட்டார்கள். ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. அந்தக் காகிதம் இருந்திருந்தால், குறை வொரன்டிக்குள்ளேயே தொடங்கியது என்பதற்கு வேறு சாட்சி தேவைப்பட்டிருக்காது.

நல்ல வேளை, கடைக்கு அனுப்பிய வட்ஸ்அப் செய்தியும் அணைந்த லெப்டொப்பின் படமும் பிள்ளையின் ஃபோனில் இருந்தன. அவற்றை வைத்து ஒரு பக்கத்தில் கடிதம் எழுதி, பில் பிரதியோடு கடைக்கும் இறக்குமதி முகவருக்கும் பதிவுத் தபாலில் அனுப்பினோம். மூன்று வாரத்தில் பதில் வந்தது. வேலைக்கூலி இல்லை, போட்டின் விலையில் ஒரு பகுதியை மட்டும் கொடுங்கள் என்றார்கள். 95,000 ரூபா 50,000 ஆனது. முழு நியாயம் கிடைத்தது என்று சொல்ல மாட்டோம். ஆனால் தலையாட்டிவிட்டு வந்திருந்தால் அதுவும் இல்லை.

இதிலிருந்து நாம் எல்லோரும் செய்யக்கூடியவை:

1. பில் கேளுங்கள். கேட்டால் பற்றுச்சீட்டுக் கொடுப்பது வியாபாரியின் சட்டக் கடமை. பில் மை ஆறு மாதத்தில் மங்கிவிடும், அன்றைக்கே படம் எடுத்து வையுங்கள்.

2. கம்பனி வொரன்டியா, கடை வொரன்டியா என்று கேட்டு, பில்லில் எழுதி வாங்குங்கள். ஃபோன் என்றால் *#06# அழுத்தி ஐ.எம்.ஈ.ஐ. இலக்கத்தைப் பெட்டியோடு ஒப்பிடுங்கள். அதை 1909 இலக்கத்துக்கு எஸ்.எம்.எஸ். அனுப்பி, தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவில் பதிவானதா என்றும் பாருங்கள்.

3. வொரன்டி காலத்தில் சின்னப் பழுது வந்தாலும் எழுத்தில் சொல்லுங்கள். திருத்தக் கொடுக்கும்போது திகதியும் பழுதும் எழுதிய சிட்டை இல்லாமல் சாமானைக் கையளிக்காதீர்கள்.

4. வொரன்டி முடிய ஒரு மாதம் இருக்கும்போது சூடு, பெட்டரி, திரை, சார்ஜ் எல்லாவற்றையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

5. கடையோடு தீராவிட்டால் 1977க்கு அழைத்து விசாரியுங்கள். 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைந்த மத்தியஸ்த சபையும் இருக்கிறது. சட்டத்தரணிக்குக் காசு கட்டாமல் இரு தரப்பும் உட்கார்ந்து பேசக்கூடிய இடம் அது.

நம்மில் பலர் வியாபாரிகள், அவர்கள் பக்கமும் பேச வேண்டும். இறக்குமதியாளர் 12 மாதம்தான் கொடுக்கிறார், சின்னக் கடைக்காரர் தன் கையிலிருந்து எப்படிக் கொடுப்பார்? மின்னல் அடித்து எரிந்த டீவிக்கும், தண்ணீரில் விழுந்த ஃபோனுக்கும் கடைக்காரரோடு சண்டை பிடிப்பது நியாயமே இல்லை. ஆனால் ஒரு மொடல் திரும்பத் திரும்பப் பழுதாகி வருவது வாடிக்கையாளருக்கு முன்பே கடைக்காரருக்குத் தெரியும். தெரிந்துகொண்டே அடுத்தவருக்கு விற்பது குறையை மறைத்து விற்பதுதான். நனைந்த தானியத்தை அடியில் வைத்த வியாபாரியை நபி (ஸல்) அவர்கள் கண்டித்த சம்பவம் நமது மத்ரஸாப் பிள்ளைகளுக்கும் தெரியும். ஒளிந்திருந்த குறை தெரியவந்தால் சாமானைத் திருப்பிக் கொடுக்கும் உரிமை வாங்கியவருக்கு உண்டு என்பது ஃபிக்ஹில் புதிய பாடமும் இல்லை.

கடைசியாக, நாம் கேட்க வேண்டியவை இரண்டு. முதலாவது, மூன்று மாதக் கெடு விற்ற நாளிலிருந்து அல்ல, குறை தெரிந்த நாளிலிருந்து எண்ணப்பட வேண்டும். அதற்குச் சட்டம் திருத்தப்பட வேண்டும், நமது மாத்தளை மாவட்டப் பாராளுமன்ற உறுப்பினர்களிடம் எழுத்தில் கேட்போம். இரண்டாவதற்குச் சட்டம்கூடத் தேவையில்லை. 24 மாதத் தவணைக்கு விற்கும் சாமானுக்கு 24 மாத வொரன்டி கொடுங்கள். இரண்டு வருடம் காசு வாங்க முடியுமென்றால், இரண்டு வருடம் சாமான் ஓடும் என்று பொறுப்பெடுக்கவும் முடிய வேண்டும். அடுத்த முறை தவணைக்கு எடுக்கப் போகும்போது கையெழுத்துப் போட முன் இதைக் கேளுங்கள். ஒருவர் கேட்டால் சிரிப்பார்கள். வரும் எல்லோரும் கேட்டால் யோசிப்பார்கள்.

பிள்ளை இப்போது அதே லெப்டொப்பில்தான் படிக்கிறாள், அல்ஹம்துலில்லாஹ். நானாவுக்கு இன்னும் ஏழு தவணை பாக்கி இருக்கிறது.

உங்களுக்கும் இப்படி நடந்திருந்தால் கீழே எழுதுங்கள், கடைப் பெயர் வேண்டாம். முறைப்பாட்டுக் கடிதம் எழுதத் தெரியாதவர்கள் பில்லை எடுத்துக்கொண்டு அஸருக்குப் பிறகு எங்களிடம் வாருங்கள், சேர்ந்து எழுதுவோம்.