மூன்றரை வயதுப் பிள்ளைக்கு நேர்முகத் தேர்வா?

அசோக் நகரில் நமக்குத் தெரிந்த சகோதரர் ஒருவர் ஸ்டேஷனரி கடை வைத்திருக்கிறார். ஓர் இரவு ஒன்பது மணிக்குக் கடைக்குப் போனபோது, கல்லாப் பெட்டியின் ஓரத்தில் அவருடைய மூன்றரை வயது மகன் உட்கார்ந்திருந்தான். எதிரே பழங்கள் படம் போட்ட சார்ட். தகப்பனார் விரலை வைக்க வைக்க, பிள்ளை ஆங்கிலத்தில் பெயர் சொல்ல வேண்டும். பிள்ளைக்கோ கண் செருகுகிறது.

“என்ன பாய், இந்த நேரத்தில்?” என்று கேட்டோம்.

“அடுத்த வாரம் எல்.கே.ஜி. இன்டர்வியூ பாய். மூத்தவனுக்குக் கிடைக்காமல் போய்விட்டது. கத்திரிக்காய் படத்தைக் காட்டிக் கேட்டார்கள். கத்திரிக்காய் என்று சொன்னான். பிரிஞ்சால் என்று சொல்லவில்லையாம். அவன் உம்மாவைப் பார்த்து, நீங்கள் ஏன் பிளஸ் டூவோடு நின்றுவிட்டீர்கள் என்று வேறு கேட்டார்கள். அன்றைக்கு அவள் அழுத அழுகை எனக்குத்தான் தெரியும்.”

சகோதரர்களே! கத்திரிக்காயைக் கத்திரிக்காய் என்று சொன்ன பிள்ளை தவறா? தாய்மொழியில் சரியாகப் பதில் சொன்ன குழந்தையைத் தோற்றவன் என்று அனுப்புகிற தேர்வு எதைச் சோதிக்கிறது? பிள்ளையின் அறிவையா, பெற்றோரின் படிப்பையும் பணத்தையுமா? இதை நாம் யோசிக்க வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது? 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் கல்வி உரிமைச் சட்டத்தின் 13வது பிரிவு, சேர்க்கையின்போது நன்கொடை வாங்கக் கூடாது, பிள்ளையையோ பெற்றோரையோ வடிகட்டும் எந்தத் தேர்வும் நடத்தக் கூடாது என்று கூறுகிறது. மீறும் பள்ளிக்கு முதல் தடவை 25,000 ரூபாய் வரை, அதன் பிறகு ஒவ்வொரு தடவைக்கும் 50,000 ரூபாய் வரை அபராதம். நன்கொடை வாங்கினால் வாங்கியதைப் போல் பத்து மடங்கு வரை அபராதம். தமிழ்நாட்டில் நன்கொடையைத் தடுக்க 1992லேயே தனிச் சட்டமும் போடப்பட்டது.

பிறகு எப்படி இன்டர்வியூ நடக்கிறது? இங்கேதான் ஓட்டை. இந்தச் சட்டத்தில் ‘பிள்ளை’ என்றால் 6 முதல் 14 வயது வரை. எனவே நர்சரி சேர்க்கைக்கு, 25 சதவீத ஒதுக்கீட்டைத் தவிர, இது பொருந்தாது என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2013ல் தீர்ப்பளித்தது. அரசு சட்டத்தைத் திருத்துவது பற்றி யோசிக்க வேண்டும் என்றும் அந்த நீதிமன்றம் கூறியது. ஆறு வயதுப் பிள்ளையைச் சோதிப்பது குற்றம், மூன்று வயதுப் பிள்ளையைச் சோதித்தால் கேட்பாரில்லை! இதைவிட வேடிக்கை உண்டா?

இத்தனைக்கும் 2022ல் மத்திய அரசு வெளியிட்ட மழலையர் பாடத்திட்ட வரைவே, 3 முதல் 6 வயது வரை தேர்வு என்பது அறவே பொருந்தாது என்று கூறுகிறது. பின்லாந்தில் பிள்ளைகள் முதல் வகுப்பில் சேருவதே ஏழு வயதில்தான். சீன அரசு 2021ல் பள்ளி செல்லும் வயதை எட்டாத குழந்தைகளுக்குப் பாட டியூஷன் நடத்துவதைத் தடை செய்தது. நாம் மட்டும் பால்குடி மறந்த பிள்ளையைப் பரீட்சைக்குத் தயார் செய்துகொண்டிருக்கிறோம்.

நம் வியாபாரிச் சகோதரர்கள் பலருக்குத் தெரியாத இன்னொரு விஷயம். சிறுபான்மையினர் அல்லாதோர் நடத்தும் தனியார் பள்ளிகளில் நுழைவு வகுப்பின் 25 சதவீத இடங்கள் நலிந்த பிரிவினருக்கும் வாய்ப்பு மறுக்கப்பட்டோருக்கும் உரியவை. தமிழகத்தில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் உள்ள முஸ்லிம்களும் இதில் அடங்குவர். லெப்பை, ராவுத்தர், மரைக்காயர், தக்னி, ஷேக், சையத் எல்லோரும் அந்தப் பட்டியலில் இருக்கிறார்கள். இங்கே இன்டர்வியூ கிடையாது. விண்ணப்பம் அதிகமானால் குலுக்கல்தான். கல்விக் கட்டணத்தை அரசு செலுத்துகிறது. 2025ல் மத்திய அரசின் நிதி வராததால் இந்தச் சேர்க்கை அக்டோபர் வரை தள்ளிப் போனது. அப்படித் தள்ளிப் போகும்போது குரல் கொடுப்பதும் நம் வேலைதான். பிறப்புச் சான்றிதழும் சாதிச் சான்றிதழும் கையில் இல்லாமல் கடைசி நாளில் இ-சேவை மையத்துக்கு ஓடுகிறவர்கள் நம்மில் எத்தனை பேர்?

நம்மையும் நாம் கேட்டுக்கொள்ள வேண்டும். சிறுபான்மைப் பள்ளிகளுக்குக் கல்வி உரிமைச் சட்டம் பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் 2014ல் கூறியது. அந்தத் தீர்ப்பின் மீது 2025ல் அதே நீதிமன்றம் ஐயம் எழுப்பி, பெரிய அமர்வு விசாரிக்க வேண்டும் என்று கூறியிருக்கிறது. விலக்கு கிடைத்தது சமுதாயத்தின் பிள்ளைகளைக் கைதூக்கி விடுவதற்காக. அந்த விலக்கை வைத்துக்கொண்டு, ஆட்டோ ஓட்டும் சகோதரரின் பிள்ளையை நம் பள்ளியே வடிகட்டினால், அடுத்தவர் பள்ளியைக் குறை சொல்ல நமக்கு என்ன தகுதி இருக்கிறது?

“அந்தப் பள்ளியில் இடம் கிடைக்காவிட்டால் என் பிள்ளையின் எதிர்காலமே போய்விடும்” என்கிறார் கடைக்காரச் சகோதரர். அந்தப் பயத்தை நாம் கேலி செய்யவில்லை. அவர் காலமெல்லாம் ஆங்கிலம் தெரியாமல் பட்ட அவமானம் அது. ஆனால் ஒரு பள்ளிதான் எதிர்காலம் என்பது உண்மையல்ல. அதே அசோக் நகரில் அரசு மகளிர் மேல்நிலைப் பள்ளி இருக்கிறது. 6ஆம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 2020 முதலும், பொறியியல் போன்ற படிப்புகளில் 2021 முதலும் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது. எல்.கே.ஜி. வாசலில் முடிந்துபோகும் வாழ்க்கை எதுவும் இல்லை.

செய்ய வேண்டியது என்ன? ஒவ்வொரு மஹல்லாவிலும் படித்த இளைஞர்கள் நான்கு பேர் ஜனவரி மாதமே உட்கார்ந்து, சான்றிதழ் வாங்கவும் விண்ணப்பிக்கவும் உதவ வேண்டும். முதல் வகுப்புக்கோ அதற்கு மேலோ தேர்வு வைக்கும் பள்ளி எதுவானாலும் கல்வி அதிகாரியிடம் எழுத்து மூலம் புகார் கொடுத்து, அதற்கு ரசீது வாங்க வேண்டும். மழலையர் வகுப்புக்கும் 13வது பிரிவை விரிவுபடுத்தும்படி நம் தொகுதிச் சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினர்களிடம் மனுக் கொடுக்க வேண்டும்.

வீட்டில் செய்ய வேண்டியதும் உண்டு. சார்ட்டைச் சுருட்டி வையுங்கள். பிள்ளையை மடியில் வைத்துக் கதை சொல்லுங்கள். சந்தைக்குக் கூட்டிப் போய்க் காய்களைத் தொட்டுப் பார்க்க விடுங்கள். சில்லறையை எண்ணச் சொல்லுங்கள். நன்றாகப் பேசக் கற்ற பிள்ளைக்கு ஆங்கிலமும் பிறகு வரும்.

அன்றிரவு அந்தச் சிறுவன் சார்ட்டின் மேலேயே தூங்கிவிட்டான். தகப்பனார் அவனைத் தோளில் போட்டுக்கொண்டு ஷட்டரை இறக்கினார். அவன் தூங்கட்டும் சகோதரர்களே! விழித்திருக்க வேண்டியவர்கள் நாம்தான்.