விருந்தாளிக் கதைகளும் வீட்டுக் கட்டைகளும்



பெருநாள் நெருங்கும் காலத்தில் இப்பகுதிக்கு வரும் கடிதங்களில், பிள்ளைகளின் விளையாட்டுச் சாமான்களைப் பற்றிய வினா ஒன்றேனும் இருக்கும். இம்முறை செம்பரம்பாக்கத்திலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். வளைகுடாவில் பணிபுரியும் அவருடைய தம்பி, விடுமுறையில் வரும்போது மருமக்களுக்கு லெகோ கட்டைப் பெட்டி ஒன்று வாங்கி வருவதாகக் கூறியிருக்கிறாராம். ஒன்பது வயது மகன், திரைப்படத்தில் வரும் விண்வெளிக் கப்பல்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கிறான். ஆறு வயது மகளோ, எதைக் கொடுத்தாலும் வீடு கட்டத் தொடங்கிவிடுவாள். "படத்தின் பெயர் போட்ட ஒரு பெட்டியின் விலைக்குப் பெயரில்லாத கட்டைகள் நிறையவே கிடைக்குமே! வெறும் பெயருக்குப் பணம் கொடுப்பது வீண் விரயம் ஆகாதா?" என்பது அச்சகோதரியின் வினா.

கேட்பதற்குச் சிறிய வினாதான். ஆனால் அந்தக் கட்டைகளைச் செய்யும் நிறுவனமே இதே வினாவுக்கு விடை காண இயலாமல் ஒரு காலத்தில் அழிவின் விளிம்பு வரை சென்று மீண்டது. அவ்வரலாற்றை அறிந்துகொண்டால், நம் வீட்டுக்கான விடையும் தெளிவாகிவிடும்.

டென்மார்க் நாட்டில் பில்லுண்ட் என்ற சிற்றூரில், ஓலே கிர்க் கிறிஸ்தியான்சன் என்ற தச்சர் 1932-இல் மரத்தால் விளையாட்டுச் சாமான்கள் செய்து விற்கத் தொடங்கினார். 1934-இல் தம் தொழிலுக்கு 'லெகோ' என்று பெயரிட்டார். 'நன்றாக விளையாடு' என்று பொருள்படும் இரண்டு டேனிஷ் சொற்களின் சுருக்கம் அது. இன்று நாம் காணும் பிளாஸ்டிக் கட்டைக்கு 1958 ஜனவரி 28 அன்று காப்புரிமை கோரப்பட்டது. கட்டையின் மேற்புறத்தில் குமிழ்கள், உட்புறத்தில் குழல்கள். ஒன்றின் குமிழ் மற்றொன்றின் குழலோடு இறுகிப் பிடித்துக்கொள்ளும்; பிள்ளையின் கை இழுத்தால் பிரிந்தும் வந்துவிடும். 1958-இல் வார்க்கப்பட்ட கட்டை, இன்று வார்க்கப்படும் கட்டையோடும் பொருந்துகிறது. எட்டுக் குமிழ் கொண்ட ஒரே நிறக் கட்டைகள் ஆறு இருந்தால் போதும். அவற்றை 91 கோடியே 51 இலட்சத்து 3 ஆயிரத்து 765 வகைகளில் ஒன்றோடொன்று இணைக்கலாம் என்று கணித அறிஞர்கள் கணக்கிட்டுள்ளனர்.

1978-ஆம் ஆண்டு இந்நிறுவனத்தின் வரலாற்றில் குறிப்பிடத்தக்கது. கையும் காலும் அசையும் சிறிய மனித உருவம் அவ்வாண்டுதான் வந்தது. அதனுடன் நகரம், கோட்டை, விண்வெளி என்ற மூன்று வரிசைகளும் வந்தன. 1989-இல் கடற்கொள்ளையர் வரிசையும் சேர்ந்தது. இவற்றையே பழைய வரிசைகள் என்கிறோம். இவற்றுள் எதற்கும் எழுதி முடிக்கப்பட்ட கதை கிடையாது. நகரத்தில் தீயணைப்பு வீரர் இருப்பார். அவருக்குப் பெயர் இல்லை. கோட்டையில் காவலர் இருப்பார்; அவர் யாருக்குப் பகைவர் என்பதைப் பிள்ளைதான் முடிவு செய்ய வேண்டும். தொடக்க காலத்தில் எல்லா உருவங்களுக்கும் ஒரே மஞ்சள் முகம், இரண்டு புள்ளிக் கண்கள், ஒரு புன்னகை. அது யாருடைய முகமும் அல்ல. ஆகவே எவருடைய முகமாகவும் ஆகக்கூடியது. நம் வீட்டுப் பிள்ளை அதற்குத் தாய்மாமன் பெயரை வைத்தாலும் அது ஏற்றுக்கொள்ளும்.

இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் நிலைமை மாறியது. தொலைக்காட்சியும் கணினி விளையாட்டும் பிள்ளைகளின் நேரத்தைப் பிடித்துக்கொண்டன. 1998-இல் லெகோ நிறுவனம் தன் வரலாற்றில் முதன்முறையாக நட்டம் கண்டது. மறு ஆண்டு, 1999-இல், 'ஸ்டார் வார்ஸ்' திரைப்படத்தின் உரிமத்தைப் பெற்று அதன் கப்பல்களைப் பெட்டிகளாக வெளியிட்டது. பெயரிலேயே 'போர்' இருக்கும் ஒன்றைக் குழந்தைகளுக்குக் கொடுப்பதா என்று நிறுவனத்துக்குள் கடும் எதிர்ப்பு எழுந்தது. எனினும் உரிமம் வாங்கப்பட்டது, விற்பனையும் மிகுந்தது. 2001-இல் 'ஹாரி பாட்டர்' பெட்டிகளும் வந்தன.

வெற்றிக்குள்ளேயே ஓர் ஆபத்தும் ஒளிந்திருந்தது. 2003-இல் அவ்விரு கதைகளிலும் புதிய திரைப்படம் எதுவும் வெளிவரவில்லை. படம் இல்லாத ஆண்டில் அப்பெட்டிகளை நாடுவோர் குறைந்தனர். நிறுவனம் பெரும் நட்டத்தில் வீழ்ந்தது, கடன் பெருகியது. இதற்கு உரிமக் கதைகள் மட்டுமே காரணம் என்று கூறிவிட முடியாது. கேளிக்கைப் பூங்காக்கள், ஆடைகள் எனப் பல துறைகளில் கால்வைத்ததும், ஒரே ஒரு பெட்டிக்கு மட்டும் பயன்படும் தனித்துண்டுகளைக் கணக்கின்றிப் பெருக்கியதும், சிறு குழந்தைகளுக்கான 'டூப்ளோ' என்ற புகழ்பெற்ற பெயரையே கைவிட்டதும் சேர்ந்துதான் அந்நிலைக்குத் தள்ளின. வந்த விருந்தாளியின் வருகையில் மயங்கி, வீட்டுச் சுவரில் விழுந்த விரிசலைக் கவனியாமல் விட்டதே பிழை எனலாம்.

2004-இல் யோர்கன் விக் நுட்ஸ்டோர்ப் தலைமைப் பொறுப்பேற்றார். துண்டு வகைகள் ஏறத்தாழப் பாதியாகக் குறைக்கப்பட்டன. பூங்காக்களின் பெரும்பங்கு 2005-இல் விற்கப்பட்டது. 'டூப்ளோ' மீண்டும் வந்தது. காவல் நிலையம், தீயணைப்பு நிலையம், மருத்துவ வண்டி ஆகியவற்றைக் கொண்ட பழைய நகர வரிசை, 2005-இல் 'லெகோ சிட்டி' என்ற பெயரில் நிலைபெற்றது. இங்கே ஒன்றை நாம் கவனிக்க வேண்டும். அவர்கள் உரிமக் கதைகளை வெளியேற்றிவிடவில்லை. வீட்டைச் செப்பனிட்டார்கள், விருந்தாளியையும் வைத்துக்கொண்டார்கள். 2011-இல் 'நிஞ்சாகோ' என்ற கதையைத் தாங்களே உருவாக்கித் தொலைக்காட்சித் தொடராகவும் தந்தார்கள். கதை பிள்ளைகளை ஈர்க்கும் என்பதை விருந்தாளியிடம் கற்றுக்கொண்டு, தம் வீட்டிலேயே ஒரு கதையைப் பெற்றெடுத்தார்கள் என்று கொள்ளலாம்.

ஆயினும் இழப்பு இல்லாமல் இல்லை. நிறுவனத்தின் சொந்த விண்வெளி வரிசை 'ஸ்டார் வார்ஸ்' பெட்டிகளின் நிழலில் சுருங்கியது. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை தலைகாட்டி மறைந்தது. கோட்டையும் கடற்கொள்ளையரும் அவ்வாறே. நிறுவனத்தின் 90-ஆம் ஆண்டு நிறைவையொட்டி 2022-இல் ஒரு பெரிய கோட்டையும், 1979-இல் வந்த விண்கலத்தின் புதுவடிவமும் வெளியாயின. ஆனால் அவை பெரும்பாலும் அக்காலச் சிறுவர்களாக இருந்து இன்று வளர்ந்துவிட்டவர்களுக்காகச் செய்யப்பட்ட விலை உயர்ந்த பெட்டிகள். நகர வரிசை மட்டுமே இடையறாது நிற்கிறது. காரணம் எளிது. எந்தப் படம் வந்தாலும் வராவிட்டாலும் தெருவில் தீயணைப்பு வண்டி ஓடிக்கொண்டுதானே இருக்கிறது!

இது வெளிநாட்டுச் சங்கதி மட்டுமல்ல. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட 'ஃபன்ஸ்கூல்' நிறுவனம், எம்.ஆர்.எஃப். குழுமத்தால் அமெரிக்காவின் ஹாஸ்ப்ரோ நிறுவனத்தின் கூட்டுறவுடன் 1987-இல் தொடங்கப்பட்டது. செம்பரம்பாக்கத்தைத் தொட்டுச் செல்லும் பெங்களூர் நெடுஞ்சாலையிலேயே மேற்கே சென்றால் வரும் இராணிப்பேட்டையிலும் அதற்குத் தொழிற்சாலை உண்டு. 1990-களில் அந்நிறுவனம் உரிமம் பெற்றுச் செய்த 'ஜி.ஐ. ஜோ' போர்வீரர் பொம்மைகளை அன்றைய சிறுவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். இன்று அந்தப் பொம்மைகளைப் பழம்பொருள் சேகரிப்போர்தாம் தேடுகின்றனர். கைக்குழந்தை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் வண்ண வளையங்களோ இன்றும் கடைகளில் இருக்கின்றன. கதைக்கு வயதாகிறது, அடுக்கும் இன்பத்திற்கு வயதாவதில்லை.

இனி, பெட்டியின் விலையைப் பார்ப்போம். உரிமக் கதைப் பெட்டியின் விலையில், கதையின் உரிமையாளருக்குச் செலுத்தும் உரிமத் தொகையும் அடங்கியிருக்கிறது. கட்டையின் நிலை வேறு. அதன் காப்புரிமைக் காலம் முடிந்து பல்லாண்டுகள் ஆயின. அவ்வடிவத்தை வணிகக் குறியீடாகத் தனக்கே உரிமையாக்கிக்கொள்ள லெகோ நிறுவனம் செய்த முயற்சியையும் ஐரோப்பிய நீதிமன்றம் 2010-இல் ஏற்க மறுத்துவிட்டது. ஆகவே பொருந்தும் கட்டைகளைப் பிறரும் செய்து விற்கலாம். அவற்றை வாங்குவதில் பிழையில்லை. ஆனால் உரிமம் பெறாமல் பிறர் கதையின் உருவத்தையும் பெயரையும் அட்டையில் அச்சிட்டு விற்பது வேறு. அது பிறர் பொருளைத் தன் பொருளென விற்பதாகும். மலிவு என்பதற்காக நாம் அதற்குத் துணைபோகலாகாது.

கதைப் பெட்டியை முற்றாக ஒதுக்கவும் வேண்டியதில்லை. ஓரிடத்தில் உட்காராத பிள்ளையைக்கூட அது இரண்டு மணி நேரம் உட்கார வைக்கும். படிப்படியாகக் குறிப்பேட்டைப் பின்பற்றும் பொறுமையையும், சாய்வாகவும் உறுதியாகவும் கட்டும் நுணுக்கங்களையும் கற்பிக்கும். கேள்விப்பட்ட கதையைக் கையால் செய்து பார்க்கும் ஆசை பிள்ளைகளின் இயல்பு. அபூதாவூத் நூலில் பதிவாகியுள்ள ஒரு நிகழ்ச்சியை நம்மில் பலர் அறிவோம். அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் விளையாட்டுப் பொம்மைகளுக்கிடையே, துணித் துண்டுகளால் இறக்கை வைத்த ஒரு குதிரை இருந்தது. குதிரைக்கு இறக்கையா என அண்ணல் நபி (ஸல்) அவர்கள் வினவியபோது, சுலைமான் (அலை) அவர்களின் குதிரைகளுக்கு இறக்கைகள் இருந்ததைக் கேள்விப்பட்டதில்லையா என்று அன்னையார் திருப்பிக் கேட்டார்கள். அண்ணலார் கடைவாய்ப் பற்கள் தெரியச் சிரித்தார்கள். கதை கேட்டறிந்தது; இறக்கையோ துணித் துண்டில் ஆனது. அங்கே கதை பிள்ளையின் கையை ஆளவில்லை. கைதான் கதையைத் தனதாக்கிக்கொண்டது.

நம் வீட்டிலும் அளவுகோல் அதுவே. கப்பல் கட்டி முடித்தபின் கண்ணாடி அலமாரிக்குள் சென்று, தொடாதே என்ற கட்டளையோடு ஆண்டுக்கணக்கில் தூசி படியுமானால், அது அலங்காரப் பொருள். அப்போது சகோதரி அஞ்சுவதுபோல் விரயம்தான். சில வாரங்கள் விளையாடியபின் அதே கப்பல் கழற்றப்பட்டுப் பொதுக் கட்டைப் பெட்டிக்குள் சேருமானால், விருந்தாளி வீட்டு மனிதர் ஆகிவிட்டார் என்று பொருள்.

சகோதரி தம் ஊரையே நினைத்துப் பார்க்கட்டும். செம்பரம்பாக்கம் ஏரி உலகின் எந்தப் பெட்டியிலும் அச்சிடப்பட்டு வரவில்லை. 24 அடி ஆழமும் 3,645 மில்லியன் கன அடிக் கொள்ளளவும் கொண்ட ஏரி. உபரிநீரை அடையாற்றுக்கு விடும் 19 கண் மதகு. இருங்காட்டுக்கோட்டையிலிருந்து புதுக் கார்களை ஏற்றிக்கொண்டு நெடுஞ்சாலையில் செல்லும் நீண்ட லாரிகள். 2015 டிசம்பர் வெள்ளத்தைப் பற்றிப் பெரியவர்கள் சொல்லும் கதைகள். இவையனைத்தும் அப்பிள்ளைகளுக்கே உரியவை. எவரிடமும் உரிமம் வாங்க வேண்டியதில்லை. நீலக் கட்டைகள் ஏரியாகட்டும். அண்ணனின் விண்கப்பலிலிருந்து கழற்றிய சாம்பல் நிறப் பட்டைகள் மதகின் கதவுகளாகட்டும். தங்கை கட்டும் வீடு கரைக்கு எவ்வளவு தொலைவில் இருக்க வேண்டும் என்று இருவரும் வாதிட்டுக்கொள்ளட்டும். விண்வெளிக் கதையும் ஊர்க் கதையும் ஒரே பெட்டியில் பொருந்துவது இப்படித்தான்.

ஆகவே நம் ஆலோசனை இது. வீட்டில் கட்டைகளே இல்லையென்றால், முதலில் எல்லா நிறமும் கலந்த பெயரில்லாத கட்டைகளை வாங்கி வரச் சொல்லுங்கள். ஏற்கெனவே இருந்தால், மகன் விரும்பும் கதைப் பெட்டிகளுள் சிறியதாக ஒன்றை வாங்கிக் கொடுங்கள். கட்டைகளைப் பசை போட்டு ஒட்ட விடாதீர்கள். குறிப்பேட்டைப் பத்திரப்படுத்துங்கள், மீண்டும் கப்பல் கட்ட ஆசை வந்தால் உதவும். மூன்று வயதுக்குட்பட்ட குழந்தை வீட்டிலிருந்தால் சிறு துண்டுகள் அதன் கைக்கு எட்டாமல் வையுங்கள்; தொண்டையில் சிக்கும் ஆபத்து உண்டு. இங்கேயே வாங்குவோர், 2021 ஜனவரி முதல் நம் நாட்டில் விளையாட்டுச் சாமான்களுக்குக் கட்டாயமாக்கப்பட்ட ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்றும் பார்த்து வாங்குங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, பிள்ளை கட்டி முடித்ததும், அட்டைப்படத்தில் உள்ளதுபோல் இருக்கிறதா என்று கேட்காதீர்கள். இது என்ன, இதில் யார் வசிக்கிறார்கள் என்று கேளுங்கள். அதற்குக் கிடைக்கும் விடை எந்தக் கடையிலும் கிடைக்காதது.