அத்தானின் வௌவால் சங்கீதம்

அமெரிக்காவில் மில்வாக்கி என்று ஓர் ஊர். ஹார்லி டேவிட்சன் மோட்டார் சைக்கிள் பிறந்த இடம். 1903-ல் ஒரு சின்ன மரக் கொட்டகையில் ஆரம்பித்த தொழில் அது. அந்த ஊரில் என் அக்கா குடித்தனம் பண்ணுகிறாள் என்றால், அத்தானுக்கு அந்த வியாதி தொற்றாமல் இருக்குமா? ஐம்பத்திரண்டாவது வயதில், 2009-ஆம் வருஷத்து எலெக்ட்ரா கிளைடு வண்டி ஒன்றைப் பழையதாக வாங்கி வாசலில் நிறுத்திவிட்டார்.

சென்ற கோடையில் நான் போயிருந்தபோது வீட்டில் யுத்தம். காரணம் வண்டி அல்ல; வண்டியில் பாடும் பாட்டு.

அந்த வண்டியின் முன்னால், வௌவால் சிறகை விரித்தாற்போல் ஒரு மூடி இருக்கிறது. ஃபேரிங் என்கிறார்கள். 1969-ல் வந்த உருவம் அது. நெஞ்சில் அறையும் காற்றைத் தடுப்பதுதான் அதன் வேலை. பிற்பாடு அதற்குள் ரேடியோவும் குடிபுகுந்தது. கைப்பிடியின் இரண்டு பக்கமும் ஐந்தேகால் அங்குல ஸ்பீக்கர்கள், ஓட்டுபவரின் முகத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கின்றன.

"தெருவில் போகும்போது ஜோராகக் கேட்கிறது. பெரிய சாலைக்குப் போனால் மிருதங்கத்தையே காணோம்!" என்பது அத்தானின் புகார். இதற்காக ஒரு பெரிய ஆம்ப்ளிஃபயரையே வாங்கிப் பெட்டியோடு வைத்திருந்தார்.

அக்காவின் புகார் வேறு. "சாயங்காலம் வண்டியை விட்டு இறங்கினால் ராத்திரி வரைக்கும் எதைச் சொன்னாலும் மூணு தரம் 'என்ன? என்ன?' என்கிறார், பாரேன்! காதில் வண்டு கத்துகிறதாம்."

கல்யாணமான நாளிலிருந்தே அத்தான் அக்காவின் பேச்சைக் கேட்டதில்லை என்பார்கள். ஆனால் இது அந்த ரகம் இல்லை என்று எனக்குப் பட்டது.

சனிக்கிழமை காலையில் மூடியைக் கழற்றினோம். முதலில் பேட்டரி இணைப்பை எடுத்துவிட்டார். முன்சக்கரத்து மட்கார்டில் கீறல் விழாமல் இருக்க, அக்காவின் பழைய போர்வை ஒன்று பலியாயிற்று. கண்ணாடியைப் பிடித்திருக்கும் மூன்று திருகாணிகள், உள்பக்கத்துத் திருகாணிகள், அப்புறம் விளக்கின் ஒயர். வௌவால் கையோடு வந்துவிட்டது. உள்ளே பார்த்தால் ஒயர்கள் இடியாப்பம் மாதிரி!

ஸ்பீக்கரைத் திருகியெடுத்ததும் சங்கதி தெரிந்துவிட்டது. அதற்கும் மூடிக்கும் நடுவே இருக்க வேண்டிய மெத்து வளையம், இத்தனை வருஷத்து வெயிலிலும் மழையிலும் பொடிப் பொடியாக உதிர்ந்திருந்தது. ஸ்பீக்கரின் கூம்பு முன்னால் காற்றைத் தள்ளும்போது பின்னால் இழுக்கிறது. முன்புறத்துக் காற்றும் பின்புறத்துக் காற்றும் இடுக்கு வழியாகச் சேர்ந்துகொண்டால் ஒன்றை ஒன்று தின்றுவிடும். முதலில் பலியாவது மிருதங்கமும் தவிலும்தான்.

"குக்கருக்கு கேஸ்கெட் போனால் விசில் வருமா? இதற்குப் போய் ஆம்ப்ளிஃபயரா?" என்றாள் அக்கா. குக்கரின் சாஸ்திரம் வேறு, ஸ்பீக்கரின் சாஸ்திரம் வேறு. ஆனாலும் அவள் சொன்ன வைத்தியம் சரியே.

புது ஸ்பீக்கர்களையும் புது வளையங்களையும் வைத்து முடுக்கினோம். பாட்டுப் போட்டால் தகர டப்பாவுக்குள்ளிருந்து வருவதுபோல் இருந்தது. அத்தானின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! ஒரு பக்கத்து ஒயர்கள் இடம் மாறியிருந்தன. ஒரு கூம்பு வெளியே வரும்போது மற்றது உள்ளே போயிற்று. மறுபடியும் வௌவாலைக் கழற்றி, டார்ச் லைட்டின் ஒன்றரை வோல்ட் பேட்டரியை ஒரு கணம் ஒயரில் தொட்டுப் பார்த்தோம். கூட்டல் குறி சரியாக இருந்தால் கூம்பு வெளியே எட்டிப் பார்க்கும். அக்கா தன் விரல் நுனியை வைத்துப் பார்த்துச் சொன்னாள்.

ஆம்ப்ளிஃபயர் பாக்கி இருந்தது. இங்கேதான் கடைக்காரர்கள் நம்மை ஏமாற்றுகிறார்கள் என்பது என் அபிப்பிராயம். வாட்டை இரண்டு மடங்காக்கினால் ஒலி 3 டெசிபல்தான் கூடும். காதுக்கு "இரண்டு மடங்கு" என்று தோன்ற வேண்டுமானால் ஏறக்குறையப் பத்து மடங்கு வாட் வேண்டும். அதே வாட்டில் 3 டெசிபல் அதிகம் கொடுக்கும் ஸ்பீக்கராகப் பார்த்து வாங்கினால் போதாதா? மேலும் இந்த மூடி கைப்பிடியோடு சேர்ந்து திரும்புவது. அதன் தலையில் சுமையை ஏற்றலாமா?

மிருதங்கத்தை விழுங்கியதில் காற்றுக்கும் பங்கு உண்டு. வேகமாகப் போகும்போது ஹெல்மெட்டுக்குள் காற்றின் இரைச்சலே 90 டெசிபலைத் தாண்டிவிடும். அதற்கு மேல் பாட்டு கேட்க வேண்டுமென்றால் பாட்டும் அதைத் தாண்டியாக வேண்டும். அமெரிக்காவின் தொழில் சுகாதார ஆராய்ச்சி நிலையம் வைத்திருக்கும் கணக்கு இது: 85 டெசிபலில் எட்டு மணி நேரம் இருக்கலாம், ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 100 டெசிபல் என்றால் கால் மணி நேரம்! அத்தானோ ஞாயிற்றுக்கிழமை தோறும் மூன்று மணி நேரம் சுற்றுகிறவர்.

இதைக் காகிதத்தில் எழுதிக் காட்டினேன். அவர் ஒன்றும் பேசவில்லை. பிறகு மெதுவாக, "அந்த வண்டுச் சத்தம் இப்போதெல்லாம் காலையிலும் இருக்கிறதம்மா" என்றார். அக்கா கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள்.

அடுத்த வாரமே காது டாக்டரிடம் போனார்கள். மேல் ஸ்தாயியில் கொஞ்சம் போய்விட்டதாம். போனது திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றலாம் என்றார் டாக்டர். ஆம்ப்ளிஃபயர் பெட்டி பிரிக்காமலே கடைக்குத் திரும்பிற்று. அந்தப் பணத்தில் கொஞ்சம் உயரமான கண்ணாடி வந்தது. காதில் வைத்துக்கொள்ளும் மெத்துத் தக்கைகளும் ஒரு டப்பா வந்தன.

தக்கையை வைத்துக்கொண்டால் பாட்டு எப்படிக் கேட்கும் என்று எனக்குச் சந்தேகம்தான். அத்தானுக்கும் அதே சந்தேகம். ஆனால் தக்கை காற்றின் இரைச்சலையும் பாட்டையும் சேர்த்தே குறைக்கிறது. காது திணறாததால் பாட்டு தெளிவாகப் பிரிந்து கேட்கிறது. முதல் நாள் போய்வந்தவர், "மிருதங்கம் வந்துவிட்டது" என்றார்.

தக்கை டப்பாவை வண்டிச் சாவி மாட்டும் ஆணியிலேயே கட்டித் தொங்கவிட்டிருக்கிறாள் அக்கா. மார்ச் மாதம் மறுபடி வந்து காதைக் காட்டச் சொல்லியிருக்கிறார் டாக்டர்.